ஸ்பார்க் மெஷின்காரியும் நிலாக் குழிகளும்

இரும்பைத் தொடாமலே இரும்பைக் குடைய எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், நினைத்துக்கொள்ளட்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப்செட் பட்டறைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் இருக்கிறது என் தகர ஷெட். இரண்டு ஸ்பார்க் மெஷின், ஒரு வயர்கட் மெஷின். ஸ்பார்க் மெஷினின் வேலை கேட்பதற்கு எளிது. வேண்டிய வடிவத்தைச் செம்பில் செய்துகொள்ள வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்குள் எஃகுக் கட்டியை வைத்து, செம்பை அதன் மேல் மயிரிழை இடைவெளி வரைக்கும் இறக்க வேண்டும். கரண்டைத் திறந்தால் அந்த இடைவெளியில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் எஃகில் கண்ணுக்கே தெரியாத ஒரு குழியை உருக்கி எடுக்கும். அப்படிக் கோடிக்கணக்கான குழிகள் விழுந்து முடிந்ததும் செம்பின் வடிவம் எஃகில் பள்ளமாக இறங்கியிருக்கும். அந்தப் பள்ளம்தான் அச்சு. மிக்ஸி மூடியும் பம்ப் விசிறியும் அப்படிப்பட்ட அச்சில்தான் பிறக்கின்றன.

டிப்ளமோ முடித்து இருபத்தொரு வயதில் அச்சு செய்யும் ஒரு டூல் ரூமில் சேர்ந்தபோது என்னை அளவு பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். பெண்களுக்கு அங்கே அதுதான் இடம். மெஷின் கொடுங்கள் என்று கேட்டேன். ஃபோர்மேன் சிரித்தார். மறுபடி கேட்டேன். நாலாவது தடவை, ஸ்பார்க் மெஷின் ஓட்டுகிறவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்ட ஒரு வாரத்தில், வேறு வழியில்லாமல் கொடுத்தார். நான் இறக்கிய முதல் அச்சை அளந்து பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. காமாலை தெளிந்து திரும்பி வந்தவருக்கு வேறு மெஷின் ஒதுக்கினார்கள். பதினான்கு வருடம் அங்கே ஓட்டினேன். பிறகு சொந்த ஷெட்.

எங்கள் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. தப்பாய்ப் போன வேலையை மறைக்கக் கூடாது. நூற்றில் ஒரு அச்சில் குழி ஆழமாகிவிட்டால், வேலை கொடுத்த பார்ட்டிக்குப் போன் போட்டு, "தப்பு பண்ணிப்போட்டேனுங்க, வந்து பாருங்க" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் இரண்டு வசவு விழும், அவ்வளவுதான். மறைத்தால் பேர் போகும். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட மறைத்ததில்லை. இரும்பு விஷயத்தில்.

என் அண்ணனுக்குப் பல்லடத்தில் பதினாறு விசைத்தறிகள். தறிச் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. அதனால் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுதும் போனில் வீடியோ பார்ப்பார். மூலிகை வைத்தியம், பழைய கோயில்களின் ரகசியம், வானத்துச் சங்கதி என்று எதுவும் விலக்கில்லை. பார்த்ததில் பாதியை எனக்கு அனுப்புவார். நான் அதில் பாதியைக்கூடத் திறக்க மாட்டேன்.

ஒருநாள் மத்தியானம், ஒரு பெரிய அச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, அவரே கூப்பிட்டார்.

"அம்மணி, அனுப்பிச்சத பாத்தியா?"

"இல்லீங்ணா. வேலைல இருக்கறன்."

"இத மட்டும் பாரு கண்ணு. உன்ற வேலயப் பத்தித்தான் பேசறாங்க."

பார்த்தேன். நிலாவில் இருக்கும் குழிகள் எல்லாம் விண்கல் விழுந்து வந்தவை அல்ல என்றது அந்த வீடியோ. ஆதிகாலத்தில் கிரகங்களுக்கு நடுவே மாபெரும் மின்னல்கள் பாய்ந்தனவாம். அந்த மின்பொறி குடைந்த தழும்புகள்தான் அந்தக் குழிகளாம். செவ்வாயின் பெரும் பள்ளத்தாக்கும் அப்படி அறுக்கப்பட்டதுதானாம். விண்வெளி முழுவதும் மின்னேறிய வாயு நிரம்பியிருக்கிறது, அதற்குப் பிளாஸ்மா என்று பெயர், படித்த விஞ்ஞானிகள் அதன் வேலையைக் கண்டுகொள்வதில்லை என்று முடித்தார்கள். நடுவில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்று நிலாவின் தரை. இன்னொன்று ஸ்பார்க் மெஷின் குடைந்த எஃகு, உருப்பெருக்கியில்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எது நிலா, எது எஃகு என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. வட்டக் குழி. தட்டையான அடி. ஓரத்தில் சின்னதாக ஒரு கரை. பெரிய குழியின் விளிம்பில் குட்டிக் குழி. இருபத்தைந்து வருடமாக விரலால் தடவிப் பார்க்கும் பரப்பு அது. என் வேலையை யாரோ நிலாவில் செய்து வைத்திருக்கிறார்கள்! படித்தவர்களுக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியம் என்ன? அவர்களில் யார் ஸ்பார்க் மெஷின் ஓட்டியிருக்கிறார்கள்?

அன்றிலிருந்து நாலு மாதம் எனக்கு அதே பைத்தியம். அண்ணன் வீடியோக்களாகத் தேடி அனுப்புவார். நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். அச்சு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, "இது நிலாவா, என்ற வேலையா சொல்லுங்க பாக்கலாம்" என்பேன். முக்கால்வாசிப் பேர் தப்பாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தப்புக்கும் நான் ஒரு முழம் வளர்ந்தேன்.

பேசிக்கொண்டே இருந்தால் போதுமா, செய்து காட்ட வேண்டாமா என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்ச எஃகுத் தட்டுகளை எடுத்து நிலாத்தரை செய்ய ஆரம்பித்தேன். கரண்டை ஏற்றியும் இறக்கியும், எண்ணெய் ஓட்டத்தை நிறுத்தியும், செம்பை அடிக்கடி மாற்றியும் பார்த்தேன். அண்ணன் பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். வரும்போது முறுக்கு வாங்கி வருவார். இருவரும் தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம்.

"இது வேண்டாம் அம்மணி. சொரிமுத்து மூஞ்சியாட்ட இருக்குது. அதா, அது நல்லாருக்குது."

சொரிமுத்து எங்கள் ஊர்ப்பக்கத்தில் அம்மை வந்தவர்களைக் கேலியாகச் சொல்லும் பேர். அவர் வேண்டாம் என்றதை ஸ்கிராப் டிரம்மில் போட்டேன். நல்லாயிருக்கிறது என்றதைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தேன். அது தப்பு என்று இருவருக்குமே தோன்றவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல போட்டோவைத்தானே கொடுப்போம்?

எனக்கு வேலை தருகிற ஒருவர், நகரத்தில் ஒரு கல்லூரியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வானியல் கூட்டத்துக்குப் போகிறவர். என் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு நிமிசம் வாங்கித் தர்றேனுங்க, நீங்களே வந்து பேசுங்க" என்றார். அதற்கு முன்னால் நான் மைக்கைப் பிடித்ததில்லை. ஆனாலும் வருகிறேன் என்று உடனே சொன்னேன்.

மாம்பழக் கலர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். ஏழு தட்டு, பனியன் துணியில் சுற்றி ஒரு டிபன் பைக்குள். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ரிட்டயர் ஆன பேங்க்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர். அண்ணன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தட்டுகளைக் கைமாற்றி விட்டுப் பேசினேன். பொறி என்றால் என்ன, அது எப்படிக் குடையும், நிலாவில் ஏன் குழிகள் எல்லாம் வட்டமாக இருக்கின்றன. "கல்லு சாய்ஞ்சு வந்து விழுந்திருந்தா குழி நீள்வட்டமா இருக்கோணுமில்லீங்களா? பொறி மட்டுந்தானுங்க நேரா எறங்கும், வட்டமாத் தோண்டும்" என்று முடித்தேன். கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். அறுபது வயதிருக்கும். பருத்திச் சேலை, காலில் ஷூ. மண்ணியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. என் தட்டு ஒன்றைக் கையில் வைத்து, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரொம்ப அருமையான வேலைங்க. ரெண்டே கேள்வி. இதக் குறுக்க வெட்டி உள்ள பாத்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"சரிங்க. இந்த ஏழு தட்டு வர்றதுக்கு மொத்தம் எத்தனை தட்டு செஞ்சீங்க?"

இரண்டாவது வரிசையில் அண்ணன் இருக்கிறார். ஐம்பது பேர் இருக்கிறார்கள். கைத்தட்டல் இன்னும் காதில் இருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஏழுதானுங்க மேடம்."

"ஓ. நன்றிங்க" என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனதும் ஆறியிருக்கும்.

திரும்பும் வழியில் அண்ணனுக்குத்தான் கோபம். "படிச்சவிய திமிரு பாத்தியா? எத்தன செஞ்சா அந்தம்மாளுக்கு என்ன வந்துச்சு?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் குடும்பக் குழுவில் அவர் என் பேச்சின் வீடியோவைப் போட்டார். கோபி சித்தப்பா வீட்டிலிருந்து வால்பாறையில் வேலை பார்க்கும் மச்சினர் வரைக்கும் கைகூப்பியும் பூப்போட்டும் பாராட்டினார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இனிக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். திங்கள் காலையில் ஸ்கிராப் டிரம்மைத் தரையில் கவிழ்த்தேன். என் நிலாத் தட்டுகளைப் பொறுக்கி எண்ணினேன். பத்தொன்பது. ஏழும் பத்தொன்பதும் இருபத்தாறு. அந்தம்மா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மேசையில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்தபோது, நாலு மாதமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது.

ஸ்கிராப்பில் போட்ட தட்டுகள்தான் ஒழுங்காக ஓடிய தட்டுகள். அவற்றில் குழிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. கரண்டு எவ்வளவோ அதற்குத் தக்க குழி. கரண்டை மாற்றாதவரை குழியும் மாறாது. என் தொழிலே அந்த ஒழுங்கில்தான் நிற்கிறது. அச்சின் பரப்பு ஒரே சீராக வருவது அதனால்தான், பார்ட்டி காசு கொடுப்பது அதற்குத்தான். நிலாவிலோ ஊரை முழுங்கும் குழியும் உண்டு, உள்ளங்கைக் குழியும் உண்டு, நடுவில் எல்லா அளவும் உண்டு. அந்த மாதிரி வருவதற்காக ஏழு தட்டிலும் நானே திருகைத் திருகி, ஒரே தட்டில் பத்துப் பன்னிரண்டு தடவை கரண்டை மாற்றியிருந்தேன். நிலாவின் முகத்தைப் பொறி செய்யவில்லை. நான் செய்திருந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. பொறி பறந்தால் செம்பும் தேயும். தேய்ந்த செம்பை மாற்றுவது எனக்கு அன்றாட வேலை. நிலாவைக் குடைந்த செம்பு எது? அது எங்கே தேய்ந்து கிடக்கிறது? ஒரு புது ஆபரேட்டர்கூட முதல் நாளில் கேட்கும் கேள்வி. நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அப்புறம் வெட்டினேன். ஏழில் ஆக நல்ல தட்டை எடுத்து, வயர்கட்டில் நடுவாகப் பிளந்து, மெருகேற்றி, எஃகைச் சுட்டு இறுக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிற நண்பரின் லேபில் அமிலம் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குழியின் அடியில் உருகி உறைந்த மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று. அதற்குக் கீழே கொஞ்சம் சூடு பட்ட அடையாளம். அதற்கும் கீழே எஃகு எதுவுமே நடக்காதது போலக் கிடந்தது. நொறுங்கவில்லை, மடங்கவில்லை.

கூட்டம் நடத்துகிறவரிடம் எண் வாங்கி அந்தப் பேராசிரியைக்குப் போன் செய்தேன்.

"மேடம், நான் நிலாக் குழி பேசுனேனுங்களே, அந்த ஸ்பார்க் மெஷின்காரி. இருபத்தாறுங்க."

"ஷெட் எங்கீங்க இருக்குது? நான் வாரேன்" என்றார்.

மறுநாளே ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்தார். பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வைத்தேன். இருபத்தாறு தட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மைக்ராஸ்கோப் படத்தைப் பார்த்தார். தான் கொண்டுவந்த படங்களைக் காட்டினார். மராட்டியத்தில் லோனார் என்ற இடத்தில் இருக்கும் பள்ளம். அதில் ஏரி இருக்கிறது. இரண்டு தடவை போய் அதன் கரையைச் சுற்றி நடந்திருக்கிறாராம். பள்ளத்தின் விளிம்பில் பாறை அடுக்குகள் மேல்நோக்கித் தூக்கி நின்றன. சில இடங்களில் பாயைச் சுருட்டிப் போட்டது போலப் பின்புறமாக மடிந்து, அடியில் இருக்க வேண்டியது மேலே கிடந்தது. ஏரியின் அடியில் துளை போட்டுப் பார்த்தபோது வெகு ஆழம் வரைக்கும் நொறுங்கிய பாறை வந்ததாம்.

"உங்க பொறி உருக்குது. உருக்கறதுக்குக் கீழ ஒண்ணுமே ஆகறதில்ல. ஆனா இங்க அடி வரைக்கும் யாரோ சுத்தியல்ல அடிச்சாப்பல இருக்குது பாருங்க" என்றார்.

"வட்டமா இருக்குதுங்களே மேடம்? சாய்ஞ்சு விழுந்தா எப்படிங்க வட்டமா வரும்?" அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

"உங்க ஊர்ப்பக்கம் கெணத்துக்கு வேட்டு வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

பார்க்காமலா? எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணி வற்றியபோதெல்லாம் அப்பா வேட்டுக்காரரைக் கூட்டி வருவார். பாறையில் துளைத்துக் குழல் போட்டு மருந்து திணித்து, எல்லோரையும் தூரப் போகச் சொல்லி...

"குழலு நேராத்தான் போடுவாங்களா, சாய்ச்சும் போடுவாங்களா?"

"சாய்ச்சும் போடுவாங்க."

"வெடிச்சப்புறம் பள்ளம் எப்படி இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து எந்தச் சாய்வில் உள்ளே போனாலும் வெடி நாலா பக்கமும்தான் தள்ளும். பள்ளம் உருண்டையாகத்தான் விழும். அவ்வளவு வேகத்தில் வரும் கல்லும் மோதிய இடத்தில் வேட்டுப் போல வெடிக்கிறது என்றார். ரொம்பவும் படுத்த சாய்வில் வந்தால் மட்டும் நீளக் குழி விழுமாம். நிலாவில் அப்படியும் கொஞ்சம் இருக்கின்றனவாம், படத்தைக் காட்டினார். நான் பார்த்த எந்த வீடியோவிலும் அந்தப் படம் இல்லை.

அவர் கிளம்பும்போது கேட்டேன். "அப்ப வானத்துல கரண்டே இல்லீங்களா மேடம்? அத்தனையும் பொய்யிங்களா?"

"யாருங்க சொன்னா? சூரியனே பிளாஸ்மாதான். துருவத்துல வானம் பச்சையா ஆடுதே, அது கரண்டு வேலதான். வியாழன்ல மின்னலடிக்குது. வால்நட்சத்திரத்துக்கு ரெண்டு வாலுன்னா, அதுல ஒண்ணு மின்னேறுன வாயு. கரண்டு இருக்குதுங்க. எந்த வேலய அது செஞ்சுது, எத செய்யலைன்னு ஒவ்வொண்ணா வெட்டிப் பாத்துத்தான் சொல்லோணும். நீங்க வெட்டிப் பாத்துட்டீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எப்படிச் சொன்னார் என்பது இன்னும் என் காதில் இருக்கிறது. ஃபோர்மேன் என் முதல் அச்சை அளந்துவிட்டுச் சிரிக்காத அந்த நாளுக்குப் பிறகு, தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

அண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த ஞாயிறு பல்லடம் போனேன். தறிகள் நின்றிருந்தன. சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்: அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசப் போகிறேன், இருபத்தாறு தட்டையும் எடுத்துப் போகிறேன், ஏழு என்று சொன்னது பொய் என்றும் சொல்லப் போகிறேன்.

அவர் கை கழுவிய ஈரத்தோடு அப்படியே நின்றார். "எதுக்கு அம்மணி? உன்னய யாரு கேட்டா? ஒறம்பரை சொந்தபந்தம் பூராத்துக்கும் வீடியோ போயிருச்சு. இப்பப் போயி நான் சொன்னது தப்புன்னு நிப்பியா?"

"தப்பான அச்ச பார்ட்டிகிட்டச் சொல்லாம இருந்திருக்கறனாங்ணா?"

"இது அச்சா? இது நிலா!"

"தட்டு என்ற தட்டுங்ணா."

அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். தோலை உரிக்கக்கூட இல்லை இருவரும். அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அந்த வீடியோவை நம்பியது ஒரு பங்கு. தன் தங்கையை நம்பியது ஒன்பது பங்கு. தறிக்காரர் வீட்டுப் பெண் பெரிய படிப்புப் படித்தவர்களுக்குப் பாடம் சொன்னாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்திருந்தார். அதைத்தான் நான் அவர் கையிலிருந்து பறித்தேன்.

இரண்டாவது கூட்டத்துக்குப் பட்டுச்சேலை கட்டவில்லை. ஷெட்டுக்குப் போகும் சேலையே போதும் என்று பட்டது. இருபத்தாறு தட்டு கனம், இரண்டு பை. மேசை முழுக்கப் பரப்பினேன். மைக்கைக் கையில் எடுத்தேன்.

"போன தடவ நான் ஏழு தட்டு செஞ்சேன்னு சொன்னனுங்க. அது பொய்யிங்க. இருபத்தாறு செஞ்சேன். நிலாவாட்டம் வராத பத்தொம்பத ஸ்கிராப்ல போட்டுப்போட்டு வந்து உங்க முன்னால நின்னேன். இன்னிக்கு எல்லாத்தையும் கொண்டாந்திருக்கறன்."

பிறகு ஒவ்வொரு தட்டாக எடுத்து, எது எப்படி ஓடியது, எந்த இடத்தில் நான் கரண்டைத் திருகினேன், வெட்டிப் பார்த்தபோது அடியில் என்ன இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். இது எனக்குத் தெரிந்த விஷயம். இதில் அந்த அறையில் எனக்கு மேலே ஆள் கிடையாது. பதினைந்து நிமிடம் கேட்டிருந்தேன். நாற்பது நிமிடம் விட்டார்கள். கை முதல் தடவையை விடக் குறைவாகத்தான் தட்டினார்கள். ஆனால் முடிந்ததும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பல் டாக்டர் வெள்ளைப் படலத்தைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் கேட்டார். தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். பொய்யைச் சொன்ன அன்று பட்டுச்சேலையில் அப்படி வர முடியவில்லை.

அண்ணன் வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் பேராசிரியை மறுபடி ஸ்கூட்டரில் வந்தார். துணிப்பையிலிருந்து எலுமிச்சை அளவில் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். கறுப்பாக, துருவேறிய இரும்பு மாதிரி. கையில் எடுத்ததும் அளவுக்கு மீறிய கனம்.

"இரும்பு விண்கல்லுங்க. ஆராய்ச்சிக்காக வந்தது. மெல்லிசா மூணு சில்லு வேணும். ரம்பத்துல அறுத்தா பாதி தூளாப் போயிரும், சூடும் ஏறும். வயர்கட்ல உங்களால ஆகுங்களா?"

வயர்கட்டும் பொறிதான். மயிரிழையாய் மெலிந்த பித்தளைக் கம்பியில் கரண்டு ஓடும். தண்ணீருக்குள் ஓடும் அந்தக் கம்பி எதையும் தொடாது, பொறி மட்டும் வழி அறுத்துக்கொண்டே போகும். எவ்வளவோ எஃகு அறுத்திருக்கிறேன். ஆனால் இது ஒரே ஒரு கல். பிசகினால் பார்ட்டிக்குப் போன் போட்டு வேறு கட்டி அனுப்பச் சொல்ல முடியாது.

"ஆகுங்க. ஆனா ரெண்டு நாள் டைம் குடுங்க. மொதல்ல துருப்பிடிச்ச இரும்புல ஓட்டிப் பாத்துட்டு அப்பறமா இதுல வெக்கறன்" என்றேன்.

பழைய வார்ப்பிரும்பு, துருவேறிய இரும்புத் தண்டு, நிக்கல் கலந்த மிச்சத் துண்டு என்று ஆறு விதத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஆறையும் நோட்டில் எழுதினேன், இரண்டு தடவை கம்பி அறுந்ததையும் சேர்த்து. மூன்றாம் நாள் காலையில் கல்லைக் கவ்வியில் பிடித்து, கரண்டை என் மெஷின் தாங்கும் குறைந்தபட்சத்தில் வைத்து ஓடவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நகரவில்லை. பேராசிரியை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் பொறி நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. சாயங்காலம் மூன்று சில்லும் கைக்கு வந்தன. மைக்ரோமீட்டரில் அளந்தேன். கேட்ட தடிமன், மூன்றும்.

நண்பரின் லேபில் பேராசிரியை ஒரு சில்லை மெருகேற்றி அமிலத்தில் வைத்தார். வெறும் வெள்ளையாக இருந்த பரப்பில் மெதுவாகக் கோடுகள் எழுந்தன. குறுக்கும் நெடுக்கும், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, பாவும் ஊடும் போல. இரும்பும் நிக்கலும் இலட்சக்கணக்கான வருடம் துளித்துளியாக ஆறினால்தான் அப்படிப் பின்னும் என்றார் அவர். பூமியில் எந்த உலையிலும் அதைச் செய்ய முடியாது என்றார். அந்தப் பின்னலில் என் வெட்டு விழுந்த ஓரம் மயிரிழை பிசகாமல் நேராக நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஓரத்தைத்தான்.

அந்தச் சில்லு இரண்டு நாள் என்னிடம் இருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். மாதக்கணக்கில் சொந்தக்காரர் கல்யாணக் காரியம் தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை நாங்கள். பஸ் ஏறி வந்தார். முறுக்கோடு வந்தார். கை துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தறியில நெய்ஞ்சாப்பல இருக்குதே அம்மணி. இது மேலருந்து விழுந்துதா?"

"ஆமாங்ணா."

"நீ அறுத்ததா?"

"நாந்தாங்ணா."

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கல்லு விழுகுதுன்னு ஒத்துக்கறன். அதுக்காக குழியெல்லாம் கல்லு போட்டதுன்னு நான் ஒத்துக்க மாட்டன்" என்றார். சொல்லிவிட்டுப் போனை எடுத்து, சில்லை என் உள்ளங்கையில் வைத்து, என் முகமும் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்தார். சாயங்காலத்துக்குள் கோபிக்கும் வால்பாறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் என்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று பேராசிரியை கேட்டார். உரிமையாளர் என்று போடலாம், தொழில்நுட்ப ஆலோசகர் என்றும் போடலாம், அதில் தப்பில்லை என்றார்.

"ஸ்பார்க் மெஷின் ஆபரேட்டர்னு போடுங்க மேடம்" என்றேன்.

அப்படியே போட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. அச்சடித்து ஷெட்டில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வேலை கொடுக்க வருகிறவர்கள் நிமிர்ந்தால் கண்ணில் படும்.